அடியில் தங்கியது

"இன்னாடி இங்கயே நிக்கற? உள்ள உங்கப்பனக் கிடத்தியிருக்கு. வந்து ஒக்காரு."

அத்தை பச்சையம்மாள் கையைப் பிடித்து இழுத்தும் தேவிப்ரியா தோட்டத்துக் குழாயடியை விட்டு அசையவில்லை. காலடியில் ஒரு நீல வாளி. அதில் பிசைந்த கத்தரிப்பழமும் கலங்கல் தண்ணீரும். யாராவது கால் கழுவ அதை எடுத்துவிடுவார்களோ என்பதுதான் அவள் கவலை. பெற்ற அப்பா செத்த வீட்டில் ஒருத்தி வாளிக்குக் காவல் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? பெண்ணுக்குப் பிரமை பிடித்துவிட்டது என்றது. அதில் பொய்யும் இல்லை.

காலை எட்டரைக்கு அப்பா முருகையன் இதே இடத்தில் குந்தி உட்கார்ந்து விதை எடுத்துக்கொண்டிருந்தார். வாடல் நோயில் போனது போக அவருடைய முள்ளுக் கத்தரியில் ஒற்றைச் செடிதான் மிச்சம். அதில் இரண்டு காய்களில் மகளின் பழைய பள்ளி ரிப்பனைக் கட்டி, யாரும் பறிக்காதபடி மஞ்சளாகப் பழுக்க விட்டிருந்தார். இந்த விதை போனால் அந்தக் கத்தரி அதோடு போயிற்று.

"பாப்பா, கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுப் போ. மிதக்கறது சொத்த, அடியில நிக்கறதுதான் விதை. வடிச்சிக் காய வச்சிடலாம். பத்து நிமிஷ வேலதான்."

"ஆபீசுக்கு லேட்டாவுதுப்பா. சாயந்திரம் வந்து பண்றேன்."

வேங்கிக்கால் ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் போன் வந்துவிட்டது. ஒரு தலைவலி காய்ச்சல் என்று படுத்தறியாத மனிதர், கையில் பழச்சதை ஒட்டியபடியே சாய்ந்திருந்தார்.

நாலு மணிக்கு, வாய்க்கரிசி போட அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போட்டாள். அழுகை வரவில்லை. பாடை தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு வந்தபோது பெண்கள் வழக்கப்படி வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீல வாளி கவிழ்ந்து கிடந்தது.

"அத்த, இதுல இருந்த தண்ணி?"

"சாவு வூட்ல தேங்கின தண்ணி வைக்கக்கூடாதும்மா. ஊத்திட்டேன். ஏன்?"

"அப்பா எடுத்த விதை அத்த."

சொன்னதும்தான் காலையிலிருந்து வராதது வந்தது. அழுதுகொண்டே மண்டியிட்டு, குழாயடியில் தேங்கிய சேற்றை இரண்டு கையாலும் வழித்து வாளியில் போட்டாள். பச்சையம்மாள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, கல் இடுக்கில் ஒட்டியிருந்ததை நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

வாளியில் தண்ணீர் நிறைந்தது. ஒன்றும் தெரியவில்லை, ஒரே மண்.

"தெளியறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்றாள் அத்தை.

"பத்து நிமிஷம்."

தேவிப்ரியா வாளியருகே குந்தி உட்கார்ந்தாள்.