சித்தி சத்தமாகச் சொன்னது

வெள்ளத்தாய் சித்தியின் கண் மஞ்சளானபோது யாரும் பயப்படவில்லை. தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறவள், கண்ணிலும் கொஞ்சம் பட்டிருக்கும் என்றார் ஆண்டிச்சாமி சித்தப்பா. உடம்பெல்லாம் அரித்தது. பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்ப்பதால் பஞ்சுத்தூசி என்று விட்டுவிட்டார்கள். பிறகு மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். வலியில் அவள் சுருண்டு விழுந்த அன்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினோம். துணைக்கு நான். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியதிலிருந்து எல்லோருக்கும் நான்தான் துணை.

"மலம் என்ன நிறத்துல போகுதும்மா?" என்று கேட்டார் டாக்டர்.

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நல்லாத்தான் போகுது சார்."

"நல்லாங்கிறது ஒரு நிறமா?"

சித்தி சுவரைப் பார்த்தாள். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். பஸ்ஸில் அவள் அழுதபடி என் காதில் மட்டும் அதைச் சொல்லியிருந்தாள். வெளி ஆட்களிடம் எனக்கும் வாய் வராது. எப்படியோ சொல்லிவிட்டேன்.

"வெள்ளையாப் போகுது சார். சுண்ணாம்பு மாதிரி."

சித்தி என் தொடையில் கிள்ளினாள். டாக்டர் உடனே ஸ்கேனுக்கு எழுதினார்.

படத்தில் கல் தெரிந்தது. பித்தப்பையின் கழுத்தில் சிக்கி, பக்கத்திலிருக்கும் பித்தக்குழாயை நசுக்கிக்கொண்டிருந்தது. "பித்தம் குடலுக்கு இறங்க வழியில்ல. ரத்தத்துல கலக்குது. அதான் மஞ்சளும் அரிப்பும், இந்தப் பிள்ளை சொன்ன வெள்ளையும்" என்றார் டாக்டர்.

ஆபரேஷனில் பித்தப்பையையும் கல்லையும் எடுத்தார்கள். புண்ணாகிச் சுருங்கியிருந்த குழாயைத் தைத்து, அதிலிருந்து வயிற்றுக்கு வெளியே ஒரு ரப்பர் ட்யூப் வைத்தார்கள். அதன் வழியே பித்தம் பச்சையாக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வடிந்தது.

"இம்புட்டுக் கல்லையா சுமந்த?" என்றார் சித்தப்பா.

சித்தி வயிற்றில் சுற்றியிருந்த கட்டுத்துணியை நிமிண்டிப் பார்த்தாள். "கல்லை விடுங்க. இந்தத் துணியை எவ நெய்ஞ்சா? இழையெல்லாம் விலகிக் கெடக்கு."

சில நாள் கழித்து டாக்டர் ட்யூபைக் கட்டி அடைத்தார். "இனி பித்தம் தானா உள்ளே இறங்கணும். மலத்துல நிறம் திரும்பிட்டா வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா இன்னொரு ஆபரேஷன்."

அதற்குப் பிறகு சித்தி கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பாவும் நானும் வாசலில் நின்றோம். முதல் நாள் அவள் உதட்டைப் பிதுக்கினாள். மறுநாள் உள்ளேயிருந்தே கத்தினாள்.

"ஏட்டி! மஞ்சளாப் போகுதுட்டி! நல்ல மஞ்சள்!"

வார்டு முழுக்கச் சிரிப்பு. கதவைத் திறந்தால் எதிரே டாக்டர். சித்தி முந்தானையைத் தேடவில்லை.

"கேட்டுச்சா சார்?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்மா."

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.