இடைவேளையில் வைத்த பூ

தியேட்டரைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆள்கூட இன்னும் வெளியே போகவில்லை. அதற்குள் செந்தமிழ்ச்செல்வி தன் தம்பி வீரமணியைக் கூட்டிவந்து நடு வரிசையில் உட்காரவைத்துவிட்டாள். உட்காரவைத்த கையோடு குனிந்து அவனுடைய இடது கால் பேன்ட்டைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டாள்.

"நான் சொல்றவரைக்கும் எழுந்திரிக்காத. தண்ணி வேணும்னாலும் என்னைக் கேளு."

"ஒண்ணுக்கு வந்தா?"

"அடக்கிக்க. ஒரு நாள் அடக்குனா இன்னா செத்தா பூடுவ?"

வீரமணிக்குச் சின்ன வயதில் காய்ச்சலுக்கு ஊசி போட்டதில் இடது கால் சூம்பிவிட்டது. இடது கையால் தொடையை அழுத்தி ஊன்றினால்தான் அடுத்த அடி. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது ஆள் ராஜா மாதிரிதான் இருப்பான். பெண் வீடுகளுக்கு அனுப்பும் போட்டோவும் பைக்கில் உட்கார்ந்து எடுத்ததுதான். போட்டோவைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்குத்தான் ஜாதகம் ஒத்துவரவில்லை. அந்த ஜாதகங்கள் எல்லாம் அவன் எழுந்து நின்ற பிறகே ஒத்துவராமல் போயின.

எனவே இந்த முறை வீடே வேண்டாம் என்று செல்வி முடிவுசெய்துவிட்டாள். எல்லோரும் உட்கார்ந்தே இருக்கிற இடம், விளக்கையும் அணைத்துவிடுகிற இடம் சினிமா தியேட்டரை விட்டால் வேறு எது? அதிலும் மாப்பிள்ளை நடித்த படம். கடைக்கு போன் ரிப்பேருக்கு வந்து பழக்கமான சுபாஷ், இத்தனை நாள் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன், வெள்ளிமலையில் 'ஜீப்பு வரல' என்று ஒரு காமெடிப் படம் எடுத்து முடித்திருந்தான். கொஞ்சம் அழுகையும் உண்டாம். மலை கிராமத்துக்குக் கல்யாண ஜீப்பு வராததுதான் கதை. வீரமணிக்கு அதில் ஒரு வேஷம். கள்ளக்குறிச்சியில் முதல் காட்சிக்கு பாஸ் கிடைத்ததுமே செல்வி மணலூர்பேட்டைக்கு போன் போட்டு, பெண் வீட்டார் மூன்று பேரையும் வரச்சொல்லிவிட்டாள்.

"உன்ன எப்படிடா காட்டியிருக்காங்க?" என்று அவள் அதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இதைச் செய்தாள்.

"ஜீப்பு பின்னாடி ஓடுற மாதிரி சீன். ஆனா காலு வராதுக்கா. இடுப்புக்கு மேலதான் எடுக்குறேன்னு சுபாஷ் சத்தியம் பண்ணான்."

அவளுடைய பையில் ஈரத்துணியில் சுற்றிய மல்லிச்சரம் இருந்தது. பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கினால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். இது செல்விக்கு நன்றாகவே தெரியும். அவளுக்கும் இப்படித்தான் அவசரமாகப் பூ வைத்தார்கள். புருஷன் தீனதயாளன் காலையிலேயே குடிக்கிற ஆள் என்பது பூ வைத்த பிறகுதான் தெரியவந்தது. யாரும் பூவை எடுக்கவில்லை. அவள் ஒன்றும் செத்துப்போய்விடவில்லையே. அந்தப் பெண்ணும் செத்துப்போக மாட்டாள். ஒரு வாரம் அழுவாள், அப்புறம் சோறு வடிப்பாள்.

பெண் வீட்டார் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பா தங்கதுரை கரும்பு போடுகிறவர், வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அம்மா இருசம்மாள் படம் பார்த்தே பல வருஷம் ஆகிறது என்று சொல்லிக்கொண்டு செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண் சந்தியாவை வீரமணிக்கு அடுத்த சீட்டில் செல்வியே தள்ளி உட்காரவைத்தாள். மாப்பிள்ளை எழுந்து கும்பிடவில்லையே என்று யாரும் நினைப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். செல்வி மனதுக்குள் தியேட்டர்காரனை வாழ்த்தினாள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மலைப்பாதையில் ஜீப்பு வந்தது. ஜீப்புக்குப் பின்னால் புழுதி. புழுதிக்குள்ளிருந்து வீரமணி ஓடிவந்தான். முகம் வந்தது, தோள் வந்தது, பிறகு கேமரா மெல்லக் கீழே இறங்கி அந்தக் கால்மேல் போய் நின்றது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தவில் அடி போட்டிருந்தார்கள். தியேட்டர் கொல்லென்று சிரித்தது. அதன் பிறகு கதையில் தொய்வு வந்த இடத்தில் எல்லாம் ஜீப்பு வந்தது, பின்னாலேயே அவன் வந்தான், தவிலும் வந்தது. தவில் சத்தம் கேட்டாலே ஜனங்கள் விசிலடிக்கப் பழகிவிட்டார்கள்.

வீரமணி இருட்டில் தன் இடது காலை சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டான். படம் எடுத்த அன்றைக்கு மேட்டில் அவனை மூச்சு வாங்க வாங்கத் திரும்பத் திரும்ப ஓடச்சொன்னார்கள். முகத்தில் வேதனை சரியாக வரவில்லை என்றுதான் சுபாஷ் சொன்னான். அவனும் முகத்தில் கொண்டுவரப் பாடுபட்டான்.

இருசம்மாள் சிரிப்பில் நிறைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வியின் பக்கம் சாய்ந்தாள். "ஏம்மா, இது நெஜமாவே இப்படியா, இல்ல நடிப்பா?"

செல்வி ஒரு நொடிதான் யோசித்தாள்.

"நடிப்புதாங்க. வூட்ல ராத்திரியெல்லாம் நடந்து நடந்து பழகிக்கினு இருந்தான். எங்களுக்கே சிரிப்பு தாங்கல."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். பக்கத்தில் தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். கேட்கட்டும், அவனுக்காகத்தானே சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். தூக்கிச் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். நொண்டி என்று கூப்பிட்டவன் மண்டையில் கல்லெடுத்து அடித்தவளும் அவள்தான்.

இடைவேளை விட்டார்கள். சந்தியா முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினாள். சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது.

"அடுத்த பாதியிலயாவது அந்த ஜீப்பைப் புடிச்சிடுவீங்களா?"

இதுவரை எந்தப் பெண்ணும் அவனிடம் இப்படிச் சிரித்துப் பேசியதில்லை. பொய்யில் வந்த சிரிப்பு என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது, அதுதான் அவமானமாகவும் இருந்தது.

"எனக்கே சொல்லலைங்க," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று தொடங்கினான்.

"பேசறதுக்கு இன்னும் எவ்ளோ நாள் கெடக்குது!" என்று செல்வி நடுவில் புகுந்தாள். மல்லிச்சரம் கையில் வந்துவிட்டது. "யக்கா, நல்ல நேரம் போய்க்கினு இருக்குது. தப்பா நெனக்காதீங்க. பூவ வச்சிடறேனே?"

இருசம்மாள் கணவரைப் பார்த்தாள். தங்கதுரை இன்னும் தவிலை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "வையேன்மா. மாப்ள சினிமாக்காரு. நம்மள சிரிக்க வச்சே காலம் தள்ளிடுவாரு."

செல்வி பூவை வைத்துக் கொண்டை ஊசியும் குத்தினாள்.

அப்போதுதான் திரைக்கு முன்னால் இருந்த சின்ன மேடையில் மைக் கரகரத்தது. லோக்கல் கேபிள் டிவியில் பேசுகிற ஒருவன் படக்குழுவை ஒவ்வொருவராக அழைத்தான். இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதை யாரும் செல்விக்குச் சொல்லவில்லை. சுபாஷ் கூலிங்கிளாஸோடு மேடை ஏறினான். கதாநாயகனும் ஏறினான். "இப்போ நம்ம வயிறெல்லாம் புண்ணாக்குன, ஜீப்பு துரத்தின செல்லம், அண்ணன் வீரமணி!"

விசில் காதைக் கிழித்தது. தங்கதுரை எட்டி அவன் முதுகில் தட்டினார். "எழுந்திரிங்க மாப்ள, கூப்டறாங்க பாருங்க."

வீரமணி அக்காவைப் பார்த்தான். நான் சொல்கிறவரை எழுந்திரிக்காதே என்றவள், இப்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவன் எழுந்தான். தொடையை அழுத்தி முதல் அடி வைத்ததுமே தியேட்டர் வெடித்தது.

"பாருய்யா, அப்படியே நடக்கறாரு!"

பின்வரிசையில் யாரோ ஒவ்வொரு அடிக்கும் வாயாலேயே தவில் அடித்தான். வரிசை வரிசையாக அதைப் பிடித்துக்கொண்டார்கள். மேடைப் படியில் ஏற அவனுக்கு ஒரு கை தேவைப்பட்டது. யாரும் கொடுக்கவில்லை, அதையும் ரசித்தார்கள்.

மைக் பிடித்தவன் அவன் தோளில் கை போட்டான். "அண்ணே, படத்துல பாத்தாச்சு, இங்கயும் பாத்தாச்சு. இப்போ உங்க சொந்த நடை எப்படின்னு ஜனங்களுக்கு நடந்து காமிங்க. அப்பத்தான் இன்னா நடிப்புன்னு தெரியும்!"

வீரமணி சுபாஷைப் பார்த்தான். அந்த மேடையில் எல்லாம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். சுபாஷ் கூலிங்கிளாஸை ஏற்றிவிட்டுக்கொண்டு கைதட்டத் தொடங்கினான். தியேட்டரும் சேர்ந்து தட்டியது. நட, நட, நட.

அவன் தொடையிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பேன்ட் பையில் நுழைத்தான். இடது பாதத்தின் நுனியில் உடம்பை ஏற்றி, இடுப்பை நேராக்கி, ஒரு அடி வைத்தான். உடம்பு சுவர் சாய்கிற மாதிரி சாய்ந்து, எப்படியோ நின்றது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"விடமாட்டாருபோல! வேஷத்துலயே இருக்காரு!" என்றான் மைக் பிடித்தவன்.

வீரமணி இன்னொரு அடி வைத்தான்.

முதலில் சிரிப்பு நின்றது இருசம்மாளுக்குத்தான். அவள் மெல்லத் திரும்பிச் செல்வியின் முகத்தைப் பார்த்தாள். செல்வி மேடையையே பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். சிரித்தபடி, கண்ணிலிருந்து ஒழுகுவதைத் துடைக்காமல், எல்லோரையும்விட வேகமாகத் தட்டினாள்.

சந்தியாவின் கை தலைக்குப் பின்னால் போனது. விரல்கள் பூவைத் தொட்டன, கொண்டை ஊசியைத் தேடிப் பிடித்தன, அங்கேயே நின்றன. மேடையில் அவன் மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தான்.