உதயகுமார் வைத்த பெயர்கள்

ஆளுக்குப் பெயர் வைப்பதில் பெரிய காஞ்சிபுரத்தில் உதயகுமாரை மிஞ்ச ஆள் கிடையாது. ராகு காலம் பார்க்காமல் தறியில் உட்காராத பெரியப்பா கந்தன் பத்தாம்பசலி. மகளைக் காலேஜுக்கு அனுப்பாத எதிர்வீட்டுக்காரர் பழைய பஞ்சாங்கம். ஏ.டி.எம். கார்டைத் தொடப் பயப்படும் அத்தை கட்டுப்பெட்டி. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறவர்கள் மொத்தமாகப் பூமர். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தெருவில் யாருக்காவது ஒரு பட்டம் கொடுத்துவிடுவான். அவன் அம்மா அம்சவேணிக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

வாலாஜாபாத் சாமுவேலின் மகள் திரிஷாவைத்தான் கட்டுவேன் என்று அவன் நின்றபோது கந்தன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "வேற சாதி, வேற மதம். இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். அம்சவேணிதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "புள்ள நல்லா இருந்தா போதும் மாமா" என்று புருஷனின் அண்ணன் முன்னால் நின்றாள். சொன்னபடியே கந்தன் கல்யாணத்துக்கு வரவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது.

இப்போது அம்சவேணியின் முறை. அவள் கலியாணசுந்தரத்தைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள்.

அவர் பக்கத்துத் தெரு நெசவாளர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. ஒருவர் உடலை நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். பெரும்பாலும் அது புருஷன் பெண்சாதி வேலை. அம்சவேணியின் கணவர் இறந்த பிறகு, தறி சும்மா கிடக்கக் கூடாதென்று அவரைக் கூட்டிவந்து உட்கார வைத்ததே கந்தன்தான். வருஷக்கணக்காக ஒரே பலகையில் தோளோடு தோள் உரச இருவரும் நெய்கிறார்கள். தெருவில் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலைதானே!

மகனிடம் சொல்ல அவளுக்குப் பயமே இல்லை. ஊருக்கே புத்தி சொல்கிற பிள்ளையாயிற்று. தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, நேற்றைய குழம்பைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

உதயகுமார் பிட்ட தோசையைக் கீழே வைத்தான். "இன்னாம்மா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இந்த வயசுல... ஊரு இன்னா பேசும்?"

"ஊரா?" என்றாள் அம்சவேணி. அந்த வார்த்தை அவன் வாயில் வந்து இதுவரை அவள் கேட்டதில்லை.

மறுநாள் அவன் பைக்கில் போய் ஒரு ஆளைக் கூட்டிவந்தான். பின்னால் உட்கார்ந்து வந்தவர் கந்தன். மிதிக்க மாட்டேன் என்ற வாசப்படியை மிதித்து உள்ளே வந்தார். உதயகுமார் நாற்காலியைத் துடைத்துப் போட்டான், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினான். "பெரியப்பா, பெரியப்பா" என்று வாய்க்கு வாய் கூப்பிட்டான்.

திரிஷா டீ கொண்டுவந்து வைத்தாள். கந்தன் அதைத் தொடவில்லை. உதயகுமார் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இத பாரு அம்சா," என்றார் கந்தன். "அவன் தறிக்கு வரட்டும், நெய்யட்டும். யாரு வேணான்னா? இந்தக் கல்யாணப் பேச்சு மட்டும் வேணாம்."

"அதத்தான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்," என்றான் மகன்.

டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அம்சவேணி அதையே பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"மாமா உன் கல்யாணத்துக்கு வரல. என் கல்யாணத்துக்கும் வரமாட்டாரு. அவருக்கு எப்பவும் ஒரே பேச்சு. அவர நான் ஒண்ணும் கேக்கல. நீ ஏன்டா வரமாட்ட?"

"அது வேற, இது வேறம்மா."

"இன்னா வேற?"

கந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். திரிஷா அந்த டீயை எடுத்துக்கொண்டு போய் ஊற்றினாள். "நான் வருவேன் அத்தை," என்று சமையலறையிலிருந்தே சொன்னாள்.

அன்று சாயங்காலம் அம்சவேணி கலியாணசுந்தரத்துக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வாங்க."

"நாளைக்கு அமாவாசைமா. தறி கிடையாதே."

"தெரியும். வாங்க."

"சரிமா" என்றார்.

அமாவாசையன்று நெசவாளர் தெருவில் யாரும் தறியைத் தொடுவதில்லை. ஆண்கள் எல்லாரும் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பரும் போனுமாக இருந்தார்கள். அத்தனை பேர் கண் முன்னால் கலியாணசுந்தரம் சலவை வேட்டியோடு நடந்து வந்தார். நெற்றி வேர்த்து விபூதி கரைந்திருந்தது. ஆனால் நடை தளரவில்லை.

"இன்னாபா, அமாவாசைல ஏது வேலை?" என்று எதிர்வீட்டுப் பழைய பஞ்சாங்கம் கேட்டார்.

"வேலை இல்ல," என்றார் கலியாணசுந்தரம். "அம்சவேணியப் பாக்க வந்தேன்."

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உதயகுமார் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான். கையில் போன் இருந்தது, முகம் சிவந்திருந்தது. வந்தவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தான். என்ன பெயர் சொல்லி இவரைத் திட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"உதயா," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வழி விடு."

அவன் நகர்ந்து நின்றான்.