வெங்காயம் இல்லை

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராதபோதே மகாதேவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஐந்து வெங்காயம் உரித்து, அடியை நீக்காமல் நான்கு துண்டாகக் கீறியும் ஆயிற்று. கண் கரிக்கவில்லை, மூக்கில் நெடி ஏறவில்லை. விரலிடுக்கில் மட்டும் வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு அரித்தது. அமெரிக்காவில் வெங்காயத்துக்குக்கூடச் சுரணை போய்விட்டது என்று அலுத்துக்கொண்டே ஆறாவதை எடுத்தார். மகள் வந்திருக்கிற வாரம், அதுவும் சனிக்கிழமை. வெங்காய சாம்பார் இல்லாமல் எப்படி?

அவர் வெங்காயம் கீறும் விதமே தனி. அடியை வெட்டமாட்டார். வெட்டினால் சாம்பாரில் இதழ் இதழாகக் கழன்று மிதக்கும். அடி இருந்தால் எவ்வளவு வெந்தாலும் ஒன்றாக இருக்கும். விவாகரத்துக்குப் பிந்தைய ஐந்து வருடத்தில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது சமையல் ஒன்றைத்தான். பேசக் கற்றுக்கொள்ளவில்லை. டெக்ஸஸ் ஃபிரிஸ்கோவில் இருக்கும் இந்த வீட்டுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அனன்யா வருவாள். பதினாறு வயது. அவளுடைய அம்மா ஜலஜாவுக்குத் தொலைதூர சான் ஹோசேயில் வேலை கிடைத்து, ஜனவரி முதல் வாரம் கிளம்புகிறாள். கூடப் போவதா, அப்பாவிடம் இருந்து பள்ளியை முடிப்பதா என்று அனன்யாவே முடிவு செய்யட்டும் என்று பெற்றவர்கள் இருவரும் பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் பாதி போய்விட்டது, மகள் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று மகாதேவனும் கேட்கவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் கேள்வி கேட்டே ஆளைத் துளைத்தெடுக்கிற மனிதர்தான்.

அக்டோபரில் அனன்யா ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு சீட்டு ஒட்டினாள். இங்கே ஆப்பிள் வைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஏன் என்று அதையும் அவர் கேட்கவில்லை. இரண்டு மாதமாக ஆப்பிளை மேல்தட்டிலேயே வைத்து வந்தார். கீழ்த்தட்டில் இருந்த பழுப்புக் காகிதப் பையை இன்று பிரித்துப் பார்த்தவர், என்றோ இந்தியக் கடையில் தானே வாங்கிப் போட்ட சின்ன வெங்காயம் என்று முடிவு கட்டிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அதே தோல், அதே குடுமி, ஒட்டிப் பிறந்த இரட்டைகள்கூட இருந்தன.

"அப்பா! ஸ்டாப்!"

மாடியிலிருந்து இறங்கி வந்த அனன்யா படியிலேயே நின்றுவிட்டாள். "அது டாஃபடில் பல்ப்! பாய்சன்ப்பா. டேஸ்ட் பண்ணியா?"

"இல்லடா. இன்னும் அடுப்புலயே போடல."

மகாதேவன் கத்தியைக் கீழே போட்டார். சாம்பாருக்குக் கரைத்த புளி பக்கத்திலேயே தயாராக இருந்தது. அவள் அவரைச் சிங்க்குக்குத் தள்ளிக்கொண்டு போய் மூன்று முறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். கத்தியையும் பலகையையும் தனியாகக் கழுவினாள். பிறகு தரையில் உட்கார்ந்து பையில் மிச்சம் இருந்த பூக்கிழங்குகளை எண்ணினாள். பத்தொன்பது.

மார்ச்சில் பூக்கிற அந்த மஞ்சள் பூவுக்கு இந்த ஊர்க் குளிர் போதாதாம். அதனால் நடுவதற்கு முன் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர் காட்டினாளாம். ஆப்பிளிலிருந்து வரும் வாயு பட்டால் உள்ளே இருக்கும் மொட்டு வீணாகிவிடுமாம். இதையெல்லாம் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா வீட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தா தப்பிச்சிருக்கும்," என்றார் அசடு வழிய.

"அம்மாவோடது அபார்ட்மென்ட். இது நம்ம பேக்யார்டுக்கு."

நம்ம என்கிற வார்த்தை அவரைப் பிடித்து நிறுத்தியது. பூப்பது மார்ச்சில். ஜனவரியில் போகிறவள் மார்ச்சில் பூப்பதை எதற்கு வாங்குவாள்? அதைப் போய் சாம்பாருக்கு நறுக்கியிருக்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

கீறிக் கிடந்த ஒன்றைக் காகிதத் துண்டால் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள் அனன்யா. "நீ அடியைக் கட் பண்ணலையா?"

"நான் எப்பவுமே பண்ண மாட்டேனே."

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. "ஓ மை காட். அப்பா, புதுசா வளக்க இப்படித்தான் கட் பண்ணணும்!" தோலை உரித்து, நீளவாக்கில் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் அடி இருக்கும்படி பார்த்து, ஈர மண்கலவையோடு பையில் போட்டு, வெதுவெதுப்பான இருட்டில் பன்னிரண்டு வாரம் வைத்தால் அடியிலிருந்து குட்டிக் கிழங்கு வருமாம். பாதி வேலையை அவர் அறியாமலேயே முடித்துவிட்டார்.

"அது எப்போ பூக்கும்?"

"மூணு நாலு வருஷம் ஆகும்."

தொட்டிச் செடிக்கு வாங்கி வைத்திருந்த கலவையை நனைத்து ஜிப்லாக் பையில் நிரப்பி, இருபது துண்டுகளையும் அதில் புதைத்தாள். மார்க்கரை எடுத்துப் பையின்மேல் தமிழில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அழுதுகொண்டே கற்ற எழுத்து, வரிசை தவறிக் கோணலாக நின்றது. "வெங்காயம் இல்லை. மார்ச் 14. நான் வந்து திரப்பேன்."

எழுத்துப் பிழை கண்ணில் பட்டது. அதைவிட 'வந்து' என்ற சொல் உறுத்தியது. மார்ச் பதினாலு ஸ்பிரிங் பிரேக். லீவுக்கு வருவாளோ?

"வந்துன்னா, எங்கேர்ந்து வந்து?" கேட்டேவிட்டார்.

அனன்யா மார்க்கரின் மூடியைப் போட்டாள், கழற்றினாள். "இன்னும் டிசைட் பண்ணல. அம்மா டெய்லி வா வான்னு சொல்றா. நீ ஒரு வாட்டிகூட இருன்னு சொல்லல. அப் டு யூன்னே சொல்ற. உனக்கு ஓகே போலன்னு நெனச்சேன்."

நியாயமாக நடப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வெங்காயத்துக்கு வராத கண்ணீர் இப்போது வந்தது. "இரும்மா," என்றார். "போனாலும் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நீ இங்க இருக்கணும்னு எனக்கு ஆசை. இரு."

அவள் மார்க்கரை வைத்துவிட்டு எழுந்தாள். அவரிடம் கையுறையை நீட்டினாள். "கிச்சன் ஜன்னலுக்கு நேரா நடலாம். சமைக்கறப்போ தெரியும்."

டெக்ஸஸ் களிமண் மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டது. கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழம், கூர்முனை மேலே. அவர் குழி தோண்ட, அவள் வைத்து மூடினாள். ஒன்றைத் தலைகீழாக வைத்து அவர் திட்டும் வாங்கினார். மத்தியானம் ரசம்தான். ஜிப்லாக் பை, இட்லி மாவு புளிப்பதற்கென்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்த மேல் அலமாரிக்குப் போனது. அந்த வீட்டில் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பான இருட்டு அங்கேதான்.

மறுநாள் காலை இட்லி ஊற்ற அலமாரியைத் திறந்தார். மாவு பொங்கி மூடியைத் தூக்கிவிட்டிருந்தது. ஒட்டினாற்போல் நின்ற பையின் உள்பக்கம் வேர்த்திருந்தது. எழுத்தை மறுபடி படித்தார். 'திரப்பேன்' அப்படியேதான் இருந்தது. 'வந்து' என்ற சொல்லின் மேல் மட்டும் மார்க்கரால் ஒரு கோடு இழுத்திருந்தது.

பை சாய்ந்துவிடாமல், மாவுப் பாத்திரத்தை இரண்டு கையாலும் மெல்ல வெளியே எடுத்தார்.