பத்திரகாளியின் கல்

பருத்திக் காட்டுக்குள் குனிந்து கல் தேடிக்கொண்டிருந்தான் சோலைராஜ். கரிசலில் கல் தேடுகிறவனைப் பார்த்தால் காக்காய்கூடச் சிரிக்கும்.

அக்கா பத்திரகாளிக்கு அன்றைக்குக் கருமாதி. செத்தவர் பெயரைச் சொல்லி ஒரு கல்லை ஊன்றி, பாலூற்றி, பிறகு அதைத் தண்ணீரில் விட வேண்டும். கண்மாய்க்கரையில் சனம் கூடியதும் பெரியப்பா வேல்சாமி முட்டுக்கட்டை போட்டார். கல்யாணம் ஆகாமல், பிள்ளைகுட்டி இல்லாமல் போனவளுக்குக் கல் ஊன்றுகிற வழக்கம் நம்ம வகையறாவில் இல்லை என்றார். சோலைராஜுக்குச் சுருக்கென்று ஏறியது. ஊன்றாமல் விடமாட்டேன் என்று விறுவிறுவெனக் காட்டுக்குள் இறங்கிவிட்டான். கோபத்தில் இறங்கியாயிற்று, கல்லுக்கு எங்கே போக?

அக்கா வானத்தைப் பார்த்தே ஆயுளைக் கழித்தவள். மலையுச்சியில், பெரிய தொலைநோக்கி வைத்த இடத்தில் உத்தியோகம். போன வருஷம் போன் போட்டு, சூரியனைச் சுற்றுகிற ஒரு கல்லுக்குத் தன் பேரை வைத்திருக்கிறார்கள் என்றாள். போயும் போயும் கல்லுக்கா, ஒரு நாய்க்குட்டிக்கு வைத்திருந்தால் கூப்பிட்டதும் வாலையாவது ஆட்டும் என்று இவன் கேலி பண்ண, விழுந்து விழுந்து சிரித்தாள். எம்புட்டுப் பெரிய கல் என்று பேச்சுக்குத்தான் கேட்டான். அவள் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த காபியைக் குடிக்க மறந்துபோனான்.

கடைசியில், கிணறு வெட்டிய மேட்டில் கைக்கடக்கமாக ஒரு கல் அகப்பட்டது. வேட்டியில் துடைத்து எடுத்து வந்தான். வேல்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பெரியப்பா, அக்கா பேர்ல மேல ஒரு கல்லு இருக்கு. நம்ம ஊரு, கம்மா, காடுகரை எல்லாம் அதுல அடங்கிருமாம். ஒலகத்துல படிச்சவியெல்லாம் சேந்து வச்ச பேரு. நாம போயி, நம்ம பேரப்புள்ளைகளும் போயி, இந்தக் கம்மா மேடானாலும் அது சுத்திக்கிட்டுதான் இருக்கும். பொறந்த ஊருல அவளுக்கு ஒரு கல்லு ஊனக் கூடாதா?”

தான் சொன்னதைக் கேட்டு சோலைராஜுக்கே உடம்பு சிலிர்த்தது. வேல்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“ஊனுலே” என்றார்.

பாலூற்றி முடிந்ததும் கல்லைப் பிடுங்கிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

“விட்டுரு, சோலை. இல்லன்னா அவ உயிரு சுத்திக்கிட்டே கெடக்கும்” என்றார் வேல்சாமி. எல்லாக் கருமாதியிலும் சொல்கிற வார்த்தைதான். சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார்.

“சுத்தட்டும் பெரியப்பா.”

கல்லை விட்டுவிட்டு முங்கி எழுந்தான். கரையில் சனம் துண்டை உதறிப் புறப்பட்டிருந்தது. வேல்சாமி மட்டும் நெற்றியில் கையை வைத்து, மழைக்குப் பார்ப்பவர்போல, உச்சிவெயிலில் அண்ணாந்து நின்றார்.