வார்சினி போக ஒன்பது நாள்

எங்கள் கம்பெனியில் இரண்டே பேர். நான் புரோகிராம் எழுதுவேன். ஷியாங்-லின் படம் வரைவாள். தைவான் தலைநகர் தைபேயில் ஏசி ஒழுகும் ஒரு நாலாவது மாடி அறையில் உட்கார்ந்து, மொழி தெரியாமல் வந்து இறங்குகிறவர்கள் படும் பாட்டை ஒரு வீடியோ கேமாகச் செய்துகொண்டிருந்தோம். இந்தோனேசியாவிலிருந்து ஒரு பெண் இங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள வருகிறாள். அவள் காதில் விழும் பேச்செல்லாம் திரையில் சாம்பல் நிறக் கட்டங்களாக வரும். சொல்லைக் கற்றால் கட்டம் விலகி எழுத்து தெரியும். யோசனை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

விளையாடிப் பார்க்க ஆள் தேடி நான் அலையவில்லை. பக்கவாதம் வந்த என் அம்மாவை மூன்று வருஷமாகக் கவனித்துக்கொள்ளும் வார்சினி வீட்டிலேயே இருந்தாள். ஜாவாக்காரி, வாய் கொஞ்சம் நீளம். இருபதாம் தேதி ஒப்பந்தம் முடிகிறது. மகள் வளர்ந்துவிட்டாள், இனி திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கேமை அவளிடம் கொடுத்த அன்று தேதி பதினொன்று.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அம்மா. ஐந்து நிமிஷத்தில் வார்சினி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தக் கேம்ல வர்ற கிழவி ஏண்ணே டிவில நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுது?"

"மாண்டரின் அப்படித்தான் இருக்கும்."

"மாண்டரின் எனக்குத் தெரியாதா? ஊர்லயே மூணு மாசம் படிச்சுட்டுத்தான் வந்தேன். பரீட்சையில எண்பத்தாறு மார்க்கு. இங்க வந்து பாத்தா உங்கம்மா வாயில அதுல ஒரு சொல்லு வரல. எல்லாம் தைவானீஸ். ஒரு வாரம் பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். அப்புறம் உங்கம்மாகிட்டயே கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டயா? அது உங்களுக்கே தெரியாதே."

தெரியாதுதான். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் மாண்டரின் மட்டும்தான் பேசலாம்; வீட்டு மொழியான தைவானீஸ் பேசியதற்காக அம்மாவின் கழுத்தில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தன் பிள்ளைக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று என்னிடம் மாண்டரினில் மட்டுமே பேசினாள். அப்பாவோடு சண்டை தைவானீஸில், என்னிடம் வீட்டுப்பாடம் கேட்பது மாண்டரினில். எங்கள் தெருவில் பல வீடுகளில் இதே கதைதான். பக்கவாதம் வந்தபோது பள்ளியில் படித்த மொழி போய், பிறந்த வீட்டு மொழி மட்டும் மிஞ்சியது. எனக்கோ சந்தையில் காய் வாங்கவும், யாரையாவது திட்டவும் போதுமான தைவானீஸ்தான் வரும். மூன்று வருஷமாக நானும் அம்மாவும் பேசியதெல்லாம் வார்சினி வழியாக. அவள் சொல்லும்வரை அது எனக்கு உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

மறுநாள் ஷியாங்-லினிடம் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப கட்டம் கட்டமாத் தெரிய வேண்டியது உனக்குத்தான்டா, குவான்-யூ. ஆடறவன் அந்த வீட்டுப் பையனா இருக்கட்டும். அம்மா பேசறது அவனுக்குப் புரியாது. சொல்றதுக்கு அந்தப் பொண்ணு இருக்கா. ஆனா அவ கிளம்பற நாள் வந்துட்டே இருக்கு. எத்தன நாள் வைக்கலாம்?"

"எட்டு," என்றேன். வார்சினி போக மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

அரை நாள் அவள்மேல் எரிச்சலாக இருந்தேன். பிறகு ஆறு மாதம் எழுதியதை அழிக்க ஆரம்பித்தேன்.

கேமில் வரும் கிழவிக்கு அம்மாவின் குரலையே வைப்பது என்று முடிவானது. சனிக்கிழமை காலை வார்சினி அம்மாவுக்கு மீன் கஞ்சி ஊட்டும்போது மேசையில் மைக்கை வைத்தேன். அம்மாவை எதையாவது பேசவைக்கும்படி அவளிடம் சொன்னேன். அம்மா பேசினாள்.

"என்ன சொல்றாங்க?"

"கஞ்சியில இஞ்சி பத்தலையாம்."

அம்மா மறுபடியும் ஏதோ சொன்னாள்.

"உங்க சட்டைக் காலர் அழுக்காம். இதுக்குத்தான் பொண்ணு அமையலயாம்."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அம்மா வார்சினியைப் பார்த்துத் தணிந்த குரலில் நீளமாக ஒன்று சொன்னாள். வார்சினி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள்.

"என்னவாம்?"

"நீங்க உங்க வேலையப் பாருங்கண்ணே."

"சொல்லு."

"நான் போயிட்டா யார்கிட்ட பேசறதுன்னு கேக்கறாங்க."

"எங்கிட்ட பேசச் சொல்லு."

வார்சினி அதைச் சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவளிடமே பேசினாள். இந்தத் தடவை நான் கேட்காமலேயே வார்சினி சொன்னாள்.

"'அவனுக்கு இந்தப் பேச்சே வேணாம்னு நான்தான வளத்தேன். இப்ப எந்த முகத்தோட அவன்கிட்ட பேசறது?'ங்கறாங்க."

மைக்கை அணைத்தேன்.

"மெதுவாப் பேசும்மாங்கறத தைவானீஸ்ல எப்படிச் சொல்றது?"

வார்சினி சொல்லிக்கொடுத்தாள். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். நாக்கு சுளுக்கிக்கொண்டது. அம்மா வாயில் கஞ்சியோடு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, என்னைப் பார்த்துப் புதிதாக ஏதோ சொன்னாள்.

வார்சினி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

எனக்குப் புரியவில்லை. மெதுவாகப் பேசச் சொல்லி மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவையும் பிடிபடவில்லை. அம்மா நாலாவது தடவை சொன்னாள்.