நெய் தடவும் பிரஷ்

ஹரிசங்கர் அக்காவுக்குச் செய்தி தட்டுவதில்லை. விரலில் எப்போதும் மாவும் எண்ணெயும். போனை மாவு டின்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுவான், அது எழுதிக்கொள்ளும். அன்று காலையும் அப்படித்தான், மலாய் நாட்டில், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் ஷேக் அலாவுதீனின் ரொட்டிக் கடைப் பின்கட்டில் நின்று பேசினான்.

"அக்கா, ஒருத்தரும் என்னை மதம் மாறச் சொல்லேல்லை. ஹலால் எண்டா சாப்பாட்டைப் பற்றின கதை. மாட்டிறைச்சி தின்னச் சொல்லியும் ஒருத்தரும் நிக்கேல்லை. அம்மாட்டச் சொல்லு."

அந்த வாரத்தில் இதை அவன் சொல்வது நாலாவது தடவை. யாழ்ப்பாணத்தில் நிலானியக்காவின் போனுக்கு யார் யாரோ எதையெதையோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஊர் அவனைப் பற்றி வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு வீடியோவால் வந்தது. போன வாரம் யாரோ அவன் ரொட்டி வீசுவதைப் படம்பிடித்துப் போட்டுவிட்டார்கள். நெற்றியில் திருநீறு, பின்னால் வெறும் சுவர். 'சர்ட்டிபிகேட் இல்லை, ரொட்டி போடுபவன் இந்து, இது ஹலாலா?' என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே முந்நூறு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து ஹரி திருநீறு பூசவில்லை. கடையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவனாகவே விட்டான். அவனுடைய வேலை பெர்மிட் இந்தக் கடைப் பேரில் இருந்தது. கடைக்கு அவன் வேண்டாமென்றால் அடுத்தது விமானம்தான்.

கடை முன்னால், க்ராப் டாக்சி ஓட்டும் கமாலுதீன் வழக்கம்போல ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சர்ட்டிபிகேட் இல்லாட்டி ஹராம்னுதானே லா அர்த்தம்?"

"உங்க வீட்டு அடுப்புமேல சர்ட்டிபிகேட் மாட்டியிருக்கா, கமால்?" ஷேக் அலாவுதீன் தே தாரிக் டீயைத் தூக்கி ஆற்றியபடியே கேட்டார்.

"வீடு வேற லா."

"அப்ப இருபது வருஷமா இங்க ஹராம்தான் தின்னீங்களா? இன்னொரு ரொட்டி போடச் சொல்லவா?"

கமாலுதீன் சிரித்தார். சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லலண்ணே. சுராவ்ல தொழ வர்றவங்க பேசிக்கிறாங்க. அந்தப் பையனைப் பின்னால போட்டுட்டு வேற ஆளை முன்னால நிக்க வைங்களேன்."

ஷேக் அலாவுதீன் டீயை இன்னொரு தடவை ஆற்றினார். ரொட்டிக் கல்லருகே வந்துவிட்டிருந்த ஹரிக்குக் கமாலுதீன் சொன்னது கேட்டது. கேட்காததுபோல அடுத்த உருண்டையைத் தட்டினான்.

முதலாளிக்கும் களைப்புத்தான். 'எங்க வாப்பா காலத்துலேருந்து முஸ்லிம் கடை, எனக்கு எதுக்கு பேப்பர்' என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர், வீடியோ வந்த மூன்றாம் நாள் சான்றிதழுக்கு எழுதிப் போடப் போவதாகச் சொன்னார். அதற்கு முன்னால், இந்த மாதிரி விண்ணப்பங்களுக்குக் கடைகளைத் தயார்செய்து கொடுக்கும் நோர்மா என்ற பெண்ணை வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். அவர் வரும் நாள் இது.

நோர்மா பதினொரு மணிக்கு வந்தார். கோழி வாங்கும் இடத்தின் ரசீது, ஐஸ் பெட்டி, மசாலா பாக்கெட், சாஸ் போத்தல் எல்லாவற்றையும் பார்த்தார். சமையல்கட்டில் வேலை செய்யும் சாஹித்திடமும் ஹரியிடமும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். தைஃபாய்டு ஊசி போட்டாயிற்றா என்று ஹரியிடம் மலாய் மொழியில் கேட்டார். ஆயிற்று என்றான். அவ்வளவுதான்.

அவனால் பொறுக்க முடியவில்லை. அரைகுறை மலாயில் அவனே கேட்டுவிட்டான். "அக்கா, நான் இந்து. அதால பிரச்சினையோ?"

நோர்மா நிமிர்ந்தார். "சமையல் கட்டில் முஸ்லிம்கள் வேலை செய்கிறார்களே, சாஹித்தும் இன்னொருவரும். நீ இந்து என்பது பிரச்சினை இல்லை. கையைச் சுத்தமாக வை." சொல்லிக்கொண்டே கல்லோரத்திலிருந்த பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். "இது எங்கே வாங்கியது?"

கல்லில் நெய் தடவும் பிரஷ். மரக் கைப்பிடி, வெள்ளை முடி. கைப்பிடியில் இருந்த எழுத்து தேய்ந்துபோயிருந்தது. நோர்மா ஒரு முடியைப் பிடுங்கி அடுப்புத் தீயில் காட்டினார். பிளாஸ்டிக் என்றால் உருகிச் சொட்டும். இது உருகவில்லை. சலூனில் வருவதுபோலக் கருகின வாடை வந்தது.

"விலங்கு முடி. கதவு, சுவருக்குச் சாயமடிக்கிற பிரஷ்களில் பன்றி முடி நிறைய வரும். இது எந்த விலங்கு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? யார் வாங்கியது?"

ஹரிக்குத் தெரியும். போன மாதம் கதவுக்குச் சாயமடிக்க ஹார்ட்வேர் கடையில் முதலாளி ஆறு வாங்கினார். ஒன்று மிஞ்சியது. "புதுசுதானே, கல்லுக்கு வச்சுக்க" என்று நீட்டியவரும் அவர்தான். இப்போது சாஹித் ஹரியைப் பார்த்தான். எட்டிப் பார்த்த கமாலுதீனும் ஹரியைத்தான் பார்த்தார். ஹரியின் காதுக்குள் விமானம் இரைந்தது. 'நான்தான்' என்று தானே சொல்லித் தொலைத்துவிட்டால் இந்தப் பார்வையாவது நிற்கும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஷேக் அலாவுதீன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நான்தான்மா வாங்குனேன்," என்றார். "நல்லாத் தேய்க்குதேன்னு நானே குடுத்தேன்."

பிறகு கமாலுதீனைப் பார்த்தார். "சுராவ்ல கேட்டா இதையும் சொல்லு, கமால். வாப்பா காலத்து முஸ்லிம் கடைல, முஸ்லிம் வாங்குனதுன்னு."

கமாலுதீன் தட்டைப் பார்த்தார். ரொட்டி பாதி மிச்சமிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

மத்தியானமே கடையை மூடினார்கள். பன்றி பட்டதாகச் சந்தேகம் என்றால் முறைப்படி ஏழு தடவை கழுவிவிடுவது நல்லது என்று நோர்மா சொல்லிப் போயிருந்தார். கல், கரண்டி, தட்டு எல்லாவற்றையும் மண் கரைத்த தண்ணீரில் ஒரு தடவை, நல்ல தண்ணீரில் ஆறு தடவை. ஷேக் அலாவுதீனும் சாஹித்தும் குந்தி உட்கார்ந்து தேய்த்தார்கள். ஹரி வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி ஊற்றினான். எண்ணுவதும் அவன் வேலையாயிற்று. நாலு, அஞ்சு என்று அவன் சொல்லச் சொல்ல முதலாளி கல்லைத் திருப்பினார்.

"நாளன்னிக்கு ஆறு மணிக்கு வந்துடு," என்றார், தலையை நிமிர்த்தாமல். "முன்னாலதான் நிக்கணும். பட்டை போட்டுக்கறதுன்னா போட்டுக்க."

"ஓம், முதலாளி."

பின்கட்டுக்குப் போய்ப் போனை எடுத்தான். வீடியோவின் கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது: 'கடையை மூடிட்டாங்க. அந்த இந்துவாலதான். சொன்னோம்ல.' அதற்குள் நாற்பது பேருக்கு அது பிடித்திருந்தது.

அக்காவுக்குப் பேச ஆரம்பித்தான். பிரஷ், முடி, தீ, மண் தண்ணி. போன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போனது. திரை நிறைந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு அம்மா கேட்கப்போகும் கேள்விகளும், அவற்றுக்கு அவன் சொல்லப்போகும் பதில்களும் வரிசையில் நின்றன. முழுவதையும் அழித்தான்.

"நாளைக்குக் கடை பூட்டு," என்றான் போனிடம். "நாளையிண்டைக்கு வேலை இருக்கு."

அனுப்பிவிட்டு, காலி வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். தட்டுகள் இன்னும் பாக்கி இருந்தன.